எச்சரித்தாகிவிட்டது, அடுத்து?

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இந்தச் சைகை பழக்கமானது. நடுவர் விசில் ஊதி, ஃபவுல் செய்தவரைக் கைகாட்டி அழைக்கிறார். அவர் அருகில் வந்ததும் மைதானத்தில் ஓர் இடத்தைச் சுட்டுகிறார். பிறகு இன்னோர் இடம். பிறகு காலடியிலேயே மூன்றாவது. அங்கே ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இப்போது இது என்று கணக்குச் சொல்கிறார். சொல்லிவிட்டு மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்துகிறார். கடைசியாக நடந்த ஃபவுலை மட்டும் பார்த்தால் அது அற்பமானதாக இருக்கும். சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார், குதிகாலில் லேசாகத் தட்டியிருப்பார். "இதற்கெல்லாமா அட்டை?" என்று அரங்கம் கூச்சல் போடுகிறது. அட்டை இதற்கு மட்டும் வரவில்லை. மூன்றுக்கும் சேர்த்து வந்தது.

இதே சைகையைச் செய்துவிட்டு, அட்டையை எடுக்காமல் "இனிமேல் வேண்டாம்" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் போகும் நடுவர்களும் உண்டு. இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான். எத்தனை முறை சொல்லலாம், எப்போது சொல்வதை நிறுத்திவிட்டு அட்டையை எடுக்க வேண்டும் என்பது கால்பந்தின் மிகக் கடினமான தீர்ப்புகளில் ஒன்று. ஆஃப்சைடை அளக்க இன்று கேமராக்கள் இருக்கின்றன. பந்து கோட்டைக் கடந்ததா என்று சொல்லக் கருவி இருக்கிறது. பொறுமையை அளக்க எதுவும் இல்லை.

கால்பந்து விதிகளை எழுதுவது 1886-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். அதன் 12-ஆவது விதிதான் ஃபவுல்களையும் அட்டைகளையும் பற்றிப் பேசுகிறது. ஃபவுலில் மூன்று படிகளை அது வைத்திருக்கிறது. கவனக்குறைவால் மோதினால் ஃப்ரீ கிக் மட்டும் போதும், அட்டை தேவையில்லை. எதிராளிக்கு ஆபத்து வருமே என்ற நினைப்பே இல்லாமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு எதிராளியின் உடம்புக்கே ஆபத்து விளைவித்தால் சிவப்பு. இதில் முதல் படிதான் நமக்கு முக்கியம். கவனக்குறைவான ஃபவுல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அட்டைக்குத் தகுதியற்றது. அதையே ஒருவர் திரும்பத் திரும்பச் செய்தால்?

அதற்கும் விதி இருக்கிறது. தொடர்ச்சியாக விதிகளை மீறுகிறவருக்கு மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்கிறது. உடனே அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கமும் தருகிறது: எத்தனை மீறல், எந்த வகையில் நடந்தால் அது 'தொடர்ச்சி' ஆகும் என்பதற்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையோ வரிசையோ கிடையாது. அளவுகளை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஒரு விதிப் புத்தகம், கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், ஃப்ரீ கிக்கின்போது எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் வகுத்துவைத்த புத்தகம், இந்த இடத்தில் மட்டும் எண்ணைச் சொல்ல மறுக்கிறது. வேண்டுமென்றே மறுக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன்.

கூடைப்பந்தில் எண் இருக்கிறது. சர்வதேச விதிப்படி ஐந்து ஃபவுல், அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஆறு; அதோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான். அதனால் அங்கே ஃபவுல் என்பது செலவழிக்கத் தகுந்த ஒரு கையிருப்பு ஆகிவிட்டது. நான்கு ஃபவுல் செய்தவரைப் பயிற்சியாளர் வெளியே உட்காரவைத்து, கடைசி நிமிடங்களுக்காகச் சேமிக்கிறார். கால்பந்தில் "நான்காவது ஃபவுலுக்கு மஞ்சள்" என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மூன்று இலவச ஃபவுல் கிடைத்துவிடும். பத்துப் பேருக்கு முப்பது. எண்ணைச் சொல்லாமல் விட்டதால்தான் ஒவ்வொரு ஃபவுலுக்கும் அபாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில இடங்களில் கால்பந்தும் எண்ணை வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பிரான்சில் நடந்த 2019 மகளிர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தின் முடிவில் ஸ்காட்லாந்து கோல்கீப்பர் லீ அலெக்சாண்டர் ஒரு பெனால்டியைத் தடுத்தார். பந்தை உதைக்கும் முன்பே அவர் கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டார் என்று வீடியோ நடுவர்கள் கண்டுபிடித்தார்கள். மறுபடி உதைக்கச் சொன்னார்கள், கோல் விழுந்தது, ஆட்டம் 3-3 என முடிந்தது, ஸ்காட்லாந்து ஊருக்குத் திரும்பியது. அப்போதைய விதிப்படி இந்தக் குற்றத்துக்கு கோல்கீப்பருக்கு மஞ்சள் அட்டையும் உண்டு. பெனால்டி ஷூட் அவுட்டில் இதையே கறாராகப் பின்பற்றினால், ஒரே கோல்கீப்பர் இரண்டு முறை காலை முன்வைத்து, இரண்டு மஞ்சள் வாங்கி, வெளியேறிவிட நேரும். அந்தப் போட்டித் தொடரின் நடுவிலேயே ஷூட் அவுட்டுக்கு அந்த அட்டையை நிறுத்திவைத்தார்கள். 2020-இல் விதியையே திருத்தினார்கள்: ஆட்டத்தில் முதல் முறை செய்தால் எச்சரிக்கை, அடுத்த ஒவ்வொரு முறைக்கும் மஞ்சள். ஒரு முறை சொல்வது, இரண்டாம் முறை அட்டை. விதிப் புத்தகமே இப்படி வரிசை போட்டுக் கொடுத்திருக்கும் இடங்கள் குறைவு. பயிற்சியாளர்கள் விஷயத்தில் 2019 முதல் இதுபோன்ற படிவரிசை இருக்கிறது: சிறு முணுமுணுப்புக்கு எச்சரிக்கை, மீறினால் மஞ்சள், அதையும் மீறினால் சிவப்பு. ஆட்டக்காரர்களின் சாதாரண ஃபவுலுக்கு மட்டும் நடுவரின் மனக்கணக்கே விதி.

அட்டை பிறந்த கதையும் எச்சரிக்கை பலிக்காமல் போனதில்தான் தொடங்குகிறது. சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் 1962 ஜூன் 2 அன்று சிலியும் இத்தாலியும் மோதின. நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளிலேயே முதல் ஃபவுல். எட்டாவது நிமிடத்தில் இத்தாலியின் ஜியோர்ஜியோ ஃபெர்ரீனியை ஆஸ்டன் வெளியேறச் சொன்னார். அவர் போக மறுத்தார். போலீஸ் வந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. சிலியின் லியோனல் சான்செஸ் விட்ட குத்துக்குத் தண்டனையே இல்லை. அன்று ஆஸ்டன் எதைச் சொன்னாலும் காற்றோடு போனது. 'சாண்டியாகோ சண்டை' என்றே அந்த ஆட்டத்துக்குப் பெயர்.

நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்து - அர்ஜென்டினா காலிறுதி. ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், ஓயாமல் வாதம் செய்த அர்ஜென்டினா கேப்டன் அந்தோனியோ ரத்தீனை வெளியேற்றினார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டு ரத்தீன் பல நிமிடங்கள் களத்தைவிட்டு நகரவில்லை. அப்போது உலகக் கோப்பை நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸ்டன்தான் இறங்கிவந்து நிலைமையைச் சமாளித்தார். அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களின் பெயர்களையும் நடுவர் குறித்துக்கொண்டார் என்பது பிற்பாடு செய்தி வெளியானபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. தண்டிக்கப்பட்டவருக்கே தெரியாத தண்டனையால் யாருக்கு என்ன பயன்? அந்த யோசனையோடு ஆஸ்டன் காரில் வீட்டுக்குப் போகும்போது லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் சிக்னல் விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. அட்டை பிறந்தது அங்கேதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. முதல் மஞ்சள் அட்டை வாங்கியவராகச் சோவியத் ஆட்டக்காரர் எவ்கெனி லோவ்செவின் பெயர் பதிவாகியிருக்கிறது. அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளின் கதையை வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம். அட்டைதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவரின் பேச்சு மொழி தெரியாதவனுக்கும், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒரே நொடியில் புரிய ஆரம்பித்தது அன்றுதான்.

இப்படிப் புரியும்படியான ஒரு கருவி கையில் இருந்தும் நடுவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? இதை ஜெர்மனியில் ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டியான் உன்கெல்பாக், டேனியல் மெம்மெர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பண்டஸ்லிகா லீக் ஆட்டங்களின் மஞ்சள் அட்டைகளை எடுத்துப் பார்த்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில், புள்ளிவிவரப்படி எதிர்பார்க்க வேண்டிய அளவைவிடக் குறைவாகவே அட்டைகள் காட்டப்பட்டிருந்தன. பழைய விளக்கம் ஒன்று உண்டு: ஆட்டத்தை நடத்திச் செல்லத் தெரிந்த நடுவர், ஆரம்பத்தில் விட்டுக்கொடுத்துப் போகிறார். இவர்கள் இன்னொரு விளக்கத்தையும் சோதித்தார்கள். ஃபவுல் காட்சிகளை ஒரு குழு நடுவர்களுக்கு ஆட்டத்தில் நடந்த வரிசையிலேயே காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே காட்சிகளை வரிசை குலைத்துக் காட்டினார்கள். ஆட்ட வரிசையில் பார்த்தவர்கள் கொடுத்த மஞ்சள் அட்டைகள் குறைவு. காட்சி ஒன்றுதான், தீர்ப்பு வேறு.

காரணம் அளவுகோல். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் முதல் தாளுக்கே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, அடுத்து அதைவிட நல்ல தாள் வந்தால் திண்டாடுவார். அதனால் ஆரம்பத்தில் கை கட்டுப்பட்டே இருக்கும். நடுவரும் அப்படித்தான். மூன்றாவது நிமிடத்தில் ஒரு மோதலுக்கு மஞ்சள் எடுத்துவிட்டால், அதே அளவிலான மோதல் ஒவ்வொன்றுக்கும் அன்று முழுக்க எடுத்தாக வேண்டும். அன்றைய ஆட்டம் எவ்வளவு முரட்டுத்தனமாகப் போகும் என்பது தெரியும்வரை அளவுகோலின் உச்சியை அவர் மனம் காலியாக வைத்திருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது; வரிசையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய எந்த மனித மனமும் இப்படித்தான் இயங்கும். வாய்மொழி எச்சரிக்கை அந்த இடைவெளியை நிரப்புகிறது. அளவுகோல் இன்னும் தயாராகவில்லை, ஆனால் நடந்ததைப் பார்த்துவிட்டேன் என்று ஆட்டக்காரருக்குத் தெரிவிக்கும் வழி அது.

மனம் தடுமாறும் வேறு இடங்களும் உண்டு. ஹென்னிங் பிளெஸ்னரும் டில்மன் பெட்ஷும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அணிக்கு ஏற்கெனவே பெனால்டி கொடுத்தவர்கள் அதே அணிக்கு இன்னொன்று கொடுக்கத் தயங்குவதைக் கண்டார்கள். இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர் 40 நடுவர்களிடம் லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு அரங்கின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். 2020-இல் கொரோனாவால் ஐரோப்பிய அரங்குகள் காலியாகக் கிடந்தபோது, உலகமே இந்தச் சோதனையைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தது போல் ஆயிற்று. வெளியூர் அணிகளுக்கு வழக்கமாகக் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகள் அந்த மாதங்களில் குறைந்தன. ஆகவே "இது மூன்றாவது எச்சரிக்கையா, நான்காவதா" என்ற கணக்கில் அரங்கின் கூச்சலும் கலந்திருக்கிறது. நடுவருக்கே அது தெரியாது.

இத்தனை தடைகளையும் மீறி அட்டை உரிய நேரத்தில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது பிரேசிலின் ஃபோர்தலேசா நகரில் 2014 ஜூலை 4 அன்று நடந்த உலகக் கோப்பைக் காலிறுதி. பிரேசிலும் கொலம்பியாவும் ஆடின. கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகெஸுக்கு அப்போது வயது 22. அந்தத் தொடரில் ஆறு கோல் அடித்து முதலிடம் பிடித்தவர். பிரேசிலுக்கு அவரைத் தடுப்பது ஒன்றே திட்டம். ஃபெர்னாண்டினோ ஒரு முறை தட்டிவிட்டார். மறுபடி தட்டினார். இன்னொருவர் வந்து இடித்தார். மறுபடி ஃபெர்னாண்டினோ. பந்து ஹாமெஸின் காலுக்கு வந்து அவர் திரும்ப முயலும் நொடியில் யாராவது ஒருவர் மேலே விழுந்தார். எதுவும் காலை உடைக்கும் டேக்கிள் இல்லை. ஒவ்வொன்றும் முதல் படியிலோ அதற்குச் சற்று மேலோ இருந்தது. கொலம்பியர்களும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தார்கள்.

ஸ்பானிய நடுவர் கார்லோஸ் வெலாஸ்கோ கார்பாயோ விசில் ஊதினார், கை அசைத்தார், பேசினார். அட்டை வெளியே வரவில்லை. முதல் பாதி முடிந்தது; அட்டை இல்லை. 64-ஆவது நிமிடத்தில்தான் முதல் மஞ்சள் வந்தது. அதுவும் ஹாமெஸை வீழ்த்திய எவருக்கும் இல்லை. கொலம்பிய கோல்கீப்பர் ஓஸ்பினா பந்தை உதைக்க விடாமல் குறுக்கே போன தியாகோ சில்வாவுக்கு. அடுத்த மஞ்சள், 67-ஆவது நிமிடத்தில், ஹாமெஸுக்கே. ஆட்டம் முடியும்போது ஃபவுல்கள் 54. அந்த உலகக் கோப்பையில் அதுவரை எந்த ஆட்டத்திலும் அவ்வளவு இல்லை. ஃபெர்னாண்டினோவுக்குக் கடைசிவரை அட்டையே இல்லை.

ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடங்கள் இருக்கும்போது கொலம்பியாவின் ஹுவான் ஸூனிகா பின்னாலிருந்து குதித்து வந்தார். அவர் முழங்கால் நெய்மாரின் முதுகில் இறங்கியது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு முறிந்து நெய்மாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பந்து பிரேசிலிடம் இருந்ததால் நடுவர் ஆட்டத்தைத் தொடரவிட்டார். ஸூனிகாவுக்கும் அட்டை இல்லை. நான்கு நாள் கழித்து பெலோ ஹொரிசாண்டேவில் நெய்மாரும் இல்லாமல், அட்டைத் தடையால் தியாகோ சில்வாவும் இல்லாமல் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றது.

நெய்மாரின் முதுகுக்கு நடுவரைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. முழங்காலை இறக்கியவர் ஸூனிகா. ஆனால் ஓர் ஆட்டத்தில் எது செல்லும், எது செல்லாது என்பதை ஆட்டக்காரர்கள் விதிப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அன்றைய நடுவரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் தட்டிப்பார்க்கிறார்; ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது நிமிடத்தில் கொஞ்சம் பலமாக, ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டு பேரும் அதைக் கவனிக்கிறார்கள். அறுபது நிமிடம் அப்படிப் பாடம் படித்தவர்கள் கடைசி நிமிடத்தில் எப்படி ஆடுவார்கள்?

ஃபோர்தலேசாவில் நடந்தது போன்ற முறை வைத்து அடிக்கும் ஆட்டத்துக்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு முன்பு தன் நடுவர்களுக்குக் கொடுத்த வழிகாட்டி நூலில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஒரே ஆட்டக்காரரை எதிரணியினர் மாறி மாறி ஃபவுல் செய்தால், அந்த முறையைப் பார்த்துவிட்டேன் என்று நடுவர் பகிரங்கமாகக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அதே ஆளை யார் ஃபவுல் செய்தாலும், அவருக்கு அது அன்றைய முதல் ஃபவுலாகவே இருந்தாலும், மஞ்சள் அட்டை. ஃபவுல் கணக்கைச் செய்கிறவரின் பெயரில் மட்டும் எழுதாமல், வாங்குகிறவரின் பெயரிலும் எழுதிவைக்கச் சொன்ன யோசனை இது. நான் படித்த நடுவர் அறிவுரைகளில் இதைவிட நியாயமானதைப் பார்த்ததில்லை. எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு ஃபவுல் செய்தால் எட்டுப் பேரும் நல்லவர்கள். அடி வாங்கியவன் ஒருவன்தான் எட்டையும் சுமக்கிறான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டம், ஜோகன்னஸ்பர்க். நெதர்லாந்தும் ஸ்பெயினும். இங்கிலாந்து நடுவர் ஹோவர்ட் வெப் தயங்கவே இல்லை; முதல் அரைமணி நேரத்துக்குள் ஐந்து மஞ்சள் அட்டைகளைக் காட்டினார். ஆட்டம் அடங்கியதா? இல்லை. 28-ஆவது நிமிடத்தில் நைஜல் டி யோங், ஸாபி அலோன்சோவின் மார்பில் உதைத்தார். வெப்பின் பார்வையைக் குறுக்கே நின்றவர்கள் மறைத்திருந்தார்கள். அவர் காட்டியது மஞ்சள்; அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அன்று மொத்தம் பதினான்கு மஞ்சள். சீக்கிரம் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த ஆட்டத்தைக் காட்டலாம். ஒவ்வொரு மோதலுக்கும் அட்டை எடுத்த அன்று, உண்மையிலேயே கொடூரமான ஒன்று வந்தபோது அதற்கும் அதே நிறம்தான் கிடைத்தது.

ஆகவே கேள்வி சீக்கிரமா தாமதமா என்பதில் இல்லை. 1764-இல் இத்தாலியின் செஸாரே பெக்காரியா குற்றமும் தண்டனையும் பற்றி எழுதிய நூலில் வலியுறுத்திய கருத்து இன்றுவரை நிற்கிறது: மனிதனைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதி. விளையாட்டிலிருந்தே இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் ஒன்றில் நடுவர்களின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தினார்கள். தண்டனையைக் கூட்டவில்லை, கண்களை மட்டும் கூட்டினார்கள். மெக்கார்மிக், டாலிசன் என்ற இரு பொருளியலாளர்கள் 1984-இல் கணக்கிட்டபோது, ஃபவுல்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன. இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்தில், நடுவரிடம் வாதம் செய்கிறவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கும் முறையை 2017-இல் சோதித்தார்கள். வாதம் செய்வது 38 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. உடனே வரும், கண்ணுக்குத் தெரியும், தப்பாமல் வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறிய தண்டனையும் வேலை செய்கிறது.

இதை எச்சரிக்கைக்குப் பொருத்திப் பாருங்கள். "அடுத்த முறை அட்டை" என்று நடுவர் சொல்வது ஒரு வாக்கு. அடுத்த முறை அட்டை வந்தால் அந்த வாக்குக்கு மதிப்பு. அடுத்த முறையும் "இதுதான் கடைசி" என்றால், முதலில் சொன்னதன் மதிப்பும் போய்விடுகிறது. இரண்டாவது எச்சரிக்கை முதல் எச்சரிக்கையையும் அழித்துவிடும். அதனால்தான், ஒரு நபருக்கு, ஒரு வகை மீறலுக்கு, ஒரே ஓர் எச்சரிக்கை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கை அந்த ஒன்றோடு முடிந்தால் நடுவர் என்ன நினைக்கிறார் என்று களத்தில் யாருக்கும் குழப்பம் வராது.

எச்சரிக்கைக்கே இடமில்லாத விஷயங்களும் இருக்கின்றன. ஆபத்தைப் பற்றிக் கவலையில்லாமல் பாய்வதற்கு முதல் நிமிடத்திலேயே மஞ்சள். ஆட்டம் இப்போதுதானே தொடங்கியது என்ற சலுகை விதியில் இல்லை. நம்பிக்கையூட்டும் தாக்குதலை வேண்டுமென்று இழுத்துப் பிடித்து நிறுத்தினால் மஞ்சள். கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினாலும் மஞ்சள்தான். இவற்றுக்கு வாயால் சொல்லித் தப்பவிடும் நடுவர், எதிரணிக்கு உரியதை எடுத்து இன்னோர் அணிக்குக் கொடுக்கிறார். எச்சரிக்கைக்கு உரிய நிலம் சிறியது: கவனக்குறைவான ஃபவுல், முணுமுணுப்பு, ஃப்ரீ கிக் சுவர் ஓரிரு அடி முன்னால் வருவது, கார்னருக்கு முன் பெனால்டி பெட்டிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு. இந்தக் கடைசிக் காட்சியைப் பாருங்கள்: கார்னர் எடுக்கும் முன் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, கட்டிப்பிடித்து நிற்கும் இருவரையும் தனியே அழைத்துப் பேசுகிறார். பந்து இன்னும் ஆட்டத்துக்கு வரவில்லை. அதனால் அங்கே பெனால்டி கொடுக்க முடியாது. பேசி முடித்துத் திரும்பிப் போகிறார். பந்து காற்றில் வந்ததும் அதே கைகள் அதே இடத்தைப் பிடித்தால் அவர் தயங்கக் கூடாது. தயங்கினால் அந்தப் பேச்சு நேர விரயம்.

முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், காட்டாமல் விட்ட மஞ்சளைத் திரும்பிப் போய்க் காட்ட முடியாது. ஃபவுலுக்குப் பின்னும் ஆட்டத்தைத் தொடரவிட்டிருந்தால் அடுத்து ஆட்டம் நிற்கும்போது காட்டலாம். அப்படித் தொடரவிட்ட ஃபவுல்களும் 'தொடர்ச்சி'க் கணக்கில் சேரும். ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, இருபத்திரண்டு பேரின் கணக்கை மனதில் வைத்திருப்பதற்கு நல்ல நடுவர்கள் உதவி நடுவர்களையும் நான்காம் நடுவரையும் பயன்படுத்துகிறார்கள். "எட்டாம் எண்காரருக்கு இது மூன்றாவது" என்று காதுக் கருவியில் ஒரு குரல் வருவது எவ்வளவோ அட்டைகளைச் சரியான நேரத்தில் வெளியே கொண்டுவந்திருக்கிறது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. மஞ்சள் அட்டையின் எடை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. 85-ஆவது நிமிடத்தில் காட்டும் மஞ்சள், ஐந்து நிமிடம் கவனமாக இருங்கள் என்கிறது. 15-ஆவது நிமிடத்தில் காட்டும் மஞ்சள், அந்த டிஃபென்டரின் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. எதிரணி அவர் பக்கமாகவே பந்தைக் கொண்டுவரும், பயிற்சியாளர் இடைவேளையில் ஆளை மாற்றுவதைப் பற்றி யோசிப்பார். நடுவர்கள் ஆரம்பத்தில் தயங்குவதற்கு இந்த எடையும் ஒரு காரணம். ஆனால் அதே எடைதான் ஆரம்ப அட்டையை மற்றெல்லா அட்டைகளையும்விட மதிப்புள்ளதாக ஆக்குகிறது. தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இருபதாவது நிமிடத்தில், எச்சரித்த பிறகு, காட்டப்படும் ஒரு மஞ்சள் மீதமுள்ள எழுபது நிமிடமும் எதிராளியின் கணுக்காலைக் காக்கும். எண்பதாவது நிமிடத்தில் காட்டினால் அது பதிவேட்டுக்கு மட்டுமே உதவும்.

2024 ஐரோப்பியக் கோப்பையில், நடுவரிடம் விளக்கம் கேட்டு வருவதற்குக் கேப்டனுக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் என்று முன்கூட்டியே அணிகளுக்குச் சொன்னார்கள். சொன்னபடி காட்டவும் செய்தார்கள். நடுவரைச் சுற்றிப் பத்துப் பேர் கத்தும் காட்சி அந்தத் தொடரில் வெகுவாகக் குறைந்தது. எச்சரிக்கை மைதானத்தில் தொடங்க வேண்டியதில்லை, ஆட்டத்துக்கு முந்தைய அறையிலேயே கொடுத்துவிடலாம் என்பதற்கு இது சான்று.

இளைஞர் ஆட்டங்களுக்கு விசில் பிடிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். யாரை எச்சரித்தீர்கள், எதற்காக என்பதைக் கையிலிருக்கும் குறிப்பட்டையிலேயே ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கை தானாகப் பைக்குப் போகும். பார்வையாளர்களிடமும் ஒன்று. சின்ன ஃபவுலுக்கு மஞ்சள் வந்ததும் கூச்சல் போடுவதற்கு முன், அந்த ஆட்டக்காரர் அதுவரை எத்தனை முறை, யாரைத் தட்டினார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணிக்கை நடுவர் பக்கம்தான் இருக்கும்.